ஏகாம்பரம் தேங்காய் வாங்கப் போன கதை

செங்காத்துப்பாளையத்துக்கு ஏகாம்பரம் வந்து சேர்ந்த அன்றைக்கு ஊரில் ஒருத்தரும் ஆச்சரியப்படவில்லை என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டோம் என்கிறார்கள். நம்பாவிட்டால் போகட்டும், யாருக்கு நஷ்டம்? அறுபத்திரண்டு வருஷமாக ஒரு மனுஷனை ஊரே திரண்டு தொண்டை கிழியக் கூப்பிட்டால் என்றைக்காவது ஒருநாள் அவன் வரத்தானே செய்வான், இதில் வாயைப் பிளக்க என்ன இருக்கிறது?

கூப்பிட்ட கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். சௌந்தரம் டாக்கீஸில் வருஷம் முழுக்கப் புதுப்படம்தான் ஓடும். சித்திரை பிறந்தால் மட்டும் ஒரு வாரம், பழைய புரொஜெக்டரைத் துடைத்து எண்ணெய் போட்டு, ‘தாளம் தப்பிய மாப்பிள்ளை’ என்ற கருப்பு வெள்ளைப் படத்தைப் போடுவார்கள். உலகத்தில் அந்தப் படத்துக்கு மிச்சமிருக்கிற ஒரே பிரதி அங்கேதான் இருக்கிறது. பதினாறு ரீல், பதினொரு பாட்டு, ஒரு பாட்டில்கூட மாப்பிள்ளை சரியான இடத்தில் கை தட்ட மாட்டான். தாளம் எது தாளிப்பு எது என்று தெரியாத அந்தப் பயல், மிருதங்க வித்துவான் என்று பொய் சொல்லி ஒரு பாடகரின் மகளைக் கட்டப் பார்க்கிறான், அவ்வளவுதான் கதை. அழுதுகொண்டே உள்ளே போனவர்கள்கூட இடைவேளைக்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

பதிமூன்றாம் ரீலில் கல்யாணம். பெண்ணின் அப்பா தலையில் அடித்துக்கொண்டு, “டேய் ஏகாம்பரம், முகூர்த்தத்துக்குத் தேங்காய் இல்லையேடா, ஓடிப்போய் ஒன்று வாங்கிவா” என்கிறார். எடுபிடி ஏகாம்பரம் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக்கொண்டு ஓடி, வாசலில் நாதஸ்வரக்காரர் மேல் மோதி, பந்தல்காலைக் கட்டிப் பிடித்துச் சுற்றி விழுந்து, எழுந்து போகிறான். போனவன் போனவன்தான். படம் எடுத்தவர்கள் அவனைச் சுத்தமாக மறந்துவிட்டார்கள். தேங்காய் இல்லாமலே தாலி கட்டி, பாட்டுப் பாடி, வணக்கமும் போட்டுவிடுகிறார்கள். முதல் வருஷமே பெஞ்சு டிக்கெட்டில் ஒரு புண்ணியவான், தாலி கட்டுகிற நேரத்தில், “யோவ் ஏகாம்பரம், வெரசா வாய்யா!” என்று கத்தினான். மறுநாள் பத்துப் பேர் கத்தினார்கள். அப்புறம் அது ஊர் வழக்கமாகவே ஆகி, அந்த இடம் வந்தால் கைக்குழந்தையை மடியில் போட்டிருக்கிறவள் முதல் பல்லில்லாத கிழவர் வரை எழுந்து நின்று, “வெரசா வாய்யா!” என்று கூரை அதிரக் கத்தாமல் யாரும் வீடு திரும்புவதில்லை.

துளசிமணி மட்டும் கத்த மாட்டாள். கொப்பரைக் களத்தில் இருபது பெண்களை வேலை வாங்குகிற மேஸ்திரி அவள். களத்தின் இந்தக் கோடியிலிருந்து கூப்பிட்டால் அந்தக் கோடியில் இருக்கிறவள் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவருவாள், அப்படிப்பட்ட குரல். ஆனால் டாக்கீஸில் அந்த இடம் வந்தால் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொள்வாள். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அடுப்பில் உலை வைத்திருக்கும்போது, “தீப்பெட்டி வாங்கிட்டு வந்தர்றேன்” என்று செருப்பை மாட்டிக்கொண்டு போன அவள் புருஷன் ரங்கராசு இன்னும் வரவில்லை. சண்டையில்லை, கடனில்லை, ஒரு மண்ணுமில்லை. போனார், வரவில்லை. ஊர் வாய் சும்மா இருக்குமா? “ஏன் அம்மிணி, உன்ற ஏகாம்பரம் வந்தாச்சா?” என்று தண்ணிக் குழாயடியில் எவளோ கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள், கெட்ட மனசில்லை. துளசிமணியும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு குடத்தைச் சுவரில் போட்டு நசுக்கினாள்.

இருந்தும் வருஷா வருஷம் படத்துக்குப் போவாள். அந்த மாப்பிள்ளை தப்புத் தப்பாகத் தாளம் போடும்போது அவளுக்கு வருகிற சிரிப்பு வேறெங்கேயும் வருவதில்லை, அதுதான் காரணம். இன்னொரு காரணமும் உண்டு. அது மேலே ஆபரேட்டர் அறையில் இருந்தது. நாச்சிமுத்து, ஐம்பது வயது, பெண்டாட்டி செத்துப் பன்னிரண்டு வருஷம். கடைசி நாள் இடைவேளையில் ஒரு பொட்டலம் கடலைமிட்டாயோடு இறங்கி வந்து, “இந்த வருசமாச்சும் யோசிக்கலாமுங்களா?” என்பார். கோர்ட்டு அவளை ரங்கராசுவிடமிருந்து பிரித்துப் பதினொரு வருஷம் ஆகிறது. கோர்ட்டு சொன்னதை மனசு கேட்டால்தானே. “ஒருவேளை அவர் வந்துட்டாருன்னா என்னங்க பண்றது?” என்பாள். “அதுஞ் சரிதானுங்க” என்று அவர் படியேறிப் போவார். மிட்டாயை மட்டும் அவள் வாங்கிக்கொள்வாள்.

அந்தச் சித்திரையில் நாலாம் நாள் மேட்னி. வழக்கம்போல ஊர் எழுந்து நின்று கத்தியது. கத்தி முடித்து உட்காரப் போகும்போது திரைக்குப் பக்கத்துக் கதவு திறந்து, தார்ப்பாய்ச்சு வேட்டியும் கட்டுக்குடுமியுமாக, உச்சி முதல் உள்ளங்கால் வரை சாம்பல் நிறத்தில் ஒரு மனுஷன் வந்து நின்று, “கூப்பிட்டீர்களா?” என்றார். பின்னாலேயே எங்கிருந்தோ மூன்று வயலின் மெல்ல ஒலித்தது. அப்புறம் முன்வரிசையில் யாரோ, “அட வந்துட்டாரப்பா! உக்காருங்க, உக்காருங்க, மறைக்குது” என்று நகர்ந்து இடம் விட்டார்கள். திரையில் இருந்தவரை அவன் இவன் என்றவர்கள், இறங்கி வந்ததும் அவர் இவர் என்று மாற்றிக்கொண்டதுதான் ஊர் செய்த பெரிய மாற்றம்.

அடுத்த பத்து நாளில் ஏகாம்பரம் அந்த ஊருக்குப் பழக்கமான விதம் இருக்கிறதே, ரேஷன் கடைக்குப் புது ஆள் வந்தால்கூட அவ்வளவு சீக்கிரம் பழக மாட்டார்கள். அவர் வாய் வைத்த தேநீர் கிளாஸுக்குள்ளேயே சாம்பல் நிறமாகிப்போனது, டீக்கடைக்காரர் அதற்கென்று ஒரு கிளாஸைத் தனியாக வைத்தார். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்தச் சேலையும் பளிச்சென்று எடுப்பாகத் தெரிந்ததால் ஜவுளிக்கடைக்காரர் வாசலில் ஒரு நாற்காலி போட்டு அவரை உட்கார்த்தி வைத்தார். அவர் நடந்தால் வயலின், ஓடினால் கடம், பெருமூச்சு விட்டால் புல்லாங்குழல் என்று சத்தம் கூடவே வந்ததால், பரீட்சை நேரத்தில் பள்ளிக்கூடத் தெருவில் மட்டும் ஓட வேண்டாம் என்று தலைமையாசிரியை கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார், அவரும் பரீட்சை முடிகிறவரை அந்தத் தெருவில் பூனை மாதிரி நடந்தார். தங்குவதற்குக் கொப்பரைக் களத்துக் கொட்டகையை ஒழித்துக் கொடுத்தார்கள். “வராதவங்களுக்கு வடிச்சு வெச்சுப் பழகினவ, வந்தவருக்கு ஒரு கை சோறு போட மாட்டியா?” என்று பக்கத்து வீட்டுப் பாப்பாத்தியக்கா கேட்டாள். துளசிமணி போட்டாள். தேங்காய்க்கா பஞ்சம்? தோப்புக்கு நடுவில்தானே ஊரே இருக்கிறது. ஆளுக்கொன்று கொண்டுவந்து கொடுத்துக் கொட்டகை நிறைந்தது. அவர் கைபட்டதும் ஒவ்வொன்றும் சாம்பல் தேங்காயானது.

தேங்காய் கிடைத்துவிட்டது, ஆள் போகவில்லை. அதுதான் வினை.

ஏனென்றால் அங்கே படம் நின்றுபோயிற்று. ரீல் ஓடியது, வெளிச்சம் விழுந்தது, ஆனால் பதிமூன்றாம் ரீலுக்கு மேல் கதை நகரவில்லை. அறுபத்திரண்டு வருஷமாக ஏகாம்பரத்தை மறந்து கல்யாணத்தை நடத்தியவர்கள், அவர் நிஜமாகவே போய்விட்டார் என்றதும் அப்போதுதான் கவனித்தவர்களைப்போல வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாப்பிள்ளை தாலியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான், ஐயர் வியர்வையைத் துடைத்தார், மேளக்காரர் ஓங்கிய கோலை இறக்கவில்லை. பாட்டும் இல்லை, வணக்கமும் இல்லை. சித்திரை வாரம் முடிந்தும் டாக்கீஸில் புதுப்படம் மாற்ற மனசு வராமல் அதையே தினமும் போட்டார்கள். போன காட்சியில் நின்ற இடத்திலேயே அடுத்த காட்சியிலும் நின்றார்கள். மணப்பெண் மாலையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். நாளுக்கு நாள் அந்த மாலை வாடியது, பிடித்திருந்த கை நடுங்கியது. சிரிக்க வந்த ஜனம் சாவு வீட்டிலிருந்து போகிற மாதிரி வாயை மூடிக்கொண்டு போனது.

பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து துளசிமணி அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்த்தாள். வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்த கண். அவளுக்கு அந்தப் பார்வை தெரியும், பத்தொன்பது வருஷமாக முகம் கழுவும்போதெல்லாம் கண்ணாடியில் பார்த்ததுதான். பாதியில் எழுந்து வந்துவிட்டாள்.

ஊர்ப் பெரிய மனுஷர்கள் போய் ஏகாம்பரத்தைப் படத்துக்குள் திரும்பிப் போகச் சொல்லிக் கேட்டார்கள். அவர் பதிலைப் பாட்டாகவே பாடினார், ‘மாட்டேன்’ என்பதை ஒன்பது விதமாக இழுத்து, நடுவில் வயலின் வேறு. நன்றாகத்தான் இருந்தது. கேட்டுவிட்டுத் தலையாட்டிக்கொண்டே திரும்பி வந்தார்கள்.

மறுநாள் காலையில் களத்தில் தேங்காய் உடைத்து வெயிலுக்குப் பரப்பிக்கொண்டிருக்கும்போது துளசிமணி அரிவாளைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். “ஏனுங், தேங்காயும் ஆச்சு, ஒடம்புக்கும் ஒண்ணுமில்ல. அப்பறம் எதுக்குங்க போக மாட்டீங்கறீங்க?”

புல்லாங்குழல் லேசாக வந்தது. “அம்மணி, முதலில் கடை பூட்டியிருந்தது” என்றார் ஏகாம்பரம். “அடுத்த தெருவுக்குப் போனேன். அதிலே ஒரு நாழிகை தாமதமாகிவிட்டது. தாமதத்துக்கு என்ன பதில் சொல்வது என்று ஒரு மரத்தடியில் உட்கார்ந்து யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் மத்தியானம். ஒரு நாழிகைக்கு ஏற்ற பதில் அரை நாளுக்கு ஏற்குமா? வேறு யோசித்தேன். இருட்டிவிட்டது. மறுநாளைக்கு வேறு பதில், மாதத்துக்கு வேறு பதில். பதில் பெரிதாகப் பெரிதாகத் தாமதமும் பெரிதாகிவிட்டது, அம்மணி.”

“வழி தெரியாமப் போயிட்டீங்கன்னு ஊரே நெனச்சுட்டிருக்குது.”

“வழி தெரியும். போக முகம்தான் இல்லை.”

இந்தப் பத்தொன்பது வருஷத்தில் துளசிமணி நினைக்காத நினைப்பில்லை. லாரியில் அடிபட்டிருப்பார், எவளையாவது கட்டியிருப்பார், காவி கட்டிக் காசிக்குப் போயிருப்பார், யாராவது வெட்டிப் போட்டிருப்பார்கள் என்று விடிய விடிய நினைத்திருக்கிறாள். இதை மட்டும் நினைக்கவில்லை. எங்கேயோ ஒரு மரத்தடியில் ஒரு மனுஷன் உட்கார்ந்து பதில் யோசித்துக்கொண்டிருப்பான் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. வந்தது பாருங்கள் கோபம்! களத்துப் பெண்கள் அத்தனை பேரும் கை வேலையை நிறுத்திவிட்டார்கள்.

“பதில் யோசிச்சீங்களா? ஒக்காந்து யோசிச்சீங்களா?” என்றாள். “அங்க ஒருத்தி மாலையைத் தூக்கிப் புடிச்சுட்டு நிக்கறா, அவளுக்குக் கை கடுக்காதுங்களா? உங்ககிட்ட ஆருங்க பதில் கேட்டா? தேங்காதானுங்களே கேட்டாங்க!”

“திட்டுவார்களே, அம்மணி.”

“திட்டட்டும்! திட்டுனாச் சிரிப்பு வரும். அது சிரிப்புப் படமுங்க, நேரங்கழிச்சு வந்தவனை அதுல ஆரும் கொன்னுபோட மாட்டாங்க. ரெண்டு திட்டு திட்டுவாங்க, உள்ள உட்டுட்டு அடுத்த பாட்டுக்குப் போயிருவாங்க. அதைப் பாக்கறதுக்குத்தான் அறுவது வருசமா நாங்க டிக்கெட் எடுத்துட்டு வந்து ஒக்கார்றோம். எங்க வீட்டுல எல்லாம் அப்படி நடக்கறதில்லைங்க.”

ஏகாம்பரம் தலையைக் குனிந்துகொண்டார். “போகிறேன். ஆனால் எந்தப் பக்கம் போவது?” என்றார். “நீங்கள் கூப்பிட்ட குரல் இந்தப் பக்கமிருந்து வந்தது. குரலைப் பிடித்துக்கொண்டே வந்தேன், இங்கே வந்துவிட்டேன்.”

அப்போதுதான் ஊர் செய்த தப்பு அவளுக்கு விளங்கியது. இத்தனை வருஷமும் அவரைக் கல்யாணத்துக்கு வாய்யா என்று கூப்பிட்டது என்னவோ உண்மை, ஆனால் கூப்பிட்டவர்கள் உட்கார்ந்திருந்தது நாற்காலியில் அல்லவா? சேலையில் ஒட்டியிருந்த தேங்காய்த் துணுக்கைக்கூடத் தட்டாமல் நேராக டாக்கீஸுக்குப் போனாள். “ஏனுங்க, திரைக்குப் பின்னாடி எத்தனை பேர் நிக்கலாமுங்க?” என்று கேட்டாள். நாச்சிமுத்து எதற்கென்று கேட்கவில்லை. “மூச்சை அடக்கிட்டு நின்னா எரநூறு பேர் நிக்கலாமுங்க” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு நாற்காலிகள் அத்தனையும் காலி. ஊர் முழுக்கத் திரைக்குப் பின்னால், ஒட்டடைக்கும் ஸ்பீக்கர் பெட்டிக்கும் நடுவில், ஒருத்தர் காலை ஒருத்தர் மிதித்துக்கொண்டு நின்றது. அங்கிருந்து பார்க்கப் படம் இடம் வலமாகத் தெரிந்தது. மாப்பிள்ளை இடது கையில் தாலி வைத்திருந்தான். அந்தப் பக்கம் பெஞ்சு வரிசையில் ஏகாம்பரம் தனியாக, தேங்காயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். இடம் வந்தது. “வெரசா வாய்யா!” என்று ஊர் கத்தியது. அவர் ஓர் அடி வைத்தார், நின்றார். வயலின் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. மறுபடியும் கத்தினார்கள். இன்னோர் அடி, மறுபடியும் நின்றார். நாலாம் தடவை கத்தும்போது பாதிப் பேருக்குக் குரல் கம்மிவிட்டது. “ஆவறதில்ல அம்மிணி, மனுசன் பயப்படறாப்பல” என்று பாப்பாத்தியக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

துளசிமணி முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

“நேரமானா ஆயிட்டுப் போகுது!” என்று கத்தினாள். “பதிலெல்லாம் ஆருக்கு வேணும்? ஒண்ணுஞ் சொல்ல வேண்டாம்! வந்து தொலைய்யா!”

களத்துக் குரல், பத்தொன்பது வருஷம் உள்ளே கிடந்த குரல். ஓடு அதிர்ந்தது, புறாக்கள் கிளம்பின, பஸ் ஸ்டாண்டில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள் என்று அப்புறம் சொன்னார்கள். யாரைக் கூப்பிட்டாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. ஏகாம்பரம் ஓடினார். கடம் பிளந்து கட்டியது. ஓடி, திரையில் பொத்தென்று விழுந்து, படத்துக்குள்ளே நாதஸ்வரக்காரர் மேல் மோதி எழுந்தார். பெண்ணின் அப்பா அவர் குடுமியைப் பிடித்துக்கொண்டு, “ஏண்டா, தேங்காய் வாங்கப் போனாயா, தென்னை நட்டு வளர்த்து வரப் போனாயா?” என்றார்.

கல்யாண வீடே சிரித்தது. திரைக்கு இந்தப் பக்கம் இருநூறு பேரும் சிரித்தார்கள், ஒருத்தர் மேல் ஒருத்தர் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். மணப்பெண் மாலையைப் போட்டுக் கையை உதறிக்கொண்டாள். தாலி ஏறியது. யாரும் இதுவரை கேட்டிராத பன்னிரண்டாவது பாட்டு ஒன்றை ஏகாம்பரம் பாட, மாப்பிள்ளை வாழ்க்கையில் முதல்தடவையாகச் சரியான இடத்தில் கை தட்டினான். “ஒன்ஸ் மோர்!” என்று ஊர் கத்தியது. ரீலைத் திருப்பாமலே அவர்கள் இன்னொரு தடவை பாடினார்கள்.

துளசிமணி அங்கே நிற்கவில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்வாசலால் சுற்றி வந்து படியேறினாள். அந்த அறைக்குள் அவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. நெஞ்சு லேசாகியிருந்தது, பயமாகவும் இருந்தது, இரண்டும் சேர்ந்து மூச்சு வாங்கியது.

“அவர் வந்துட்டாருன்னா என்னங்க பண்றதுன்னு வருசா வருசம் கேட்டேனுங்களே” என்றாள். “வந்தா வரட்டுமுங்க. நாம கண்ணாலம் பண்ணிக்கலாம்.”

ரீல் முடிந்து வெறும் சக்கரம் படபடவென்று சுற்றிக்கொண்டேயிருந்தது, முப்பது வருஷத்தில் நாச்சிமுத்து அப்படி விட்டதில்லை.

துளசிமணி கத்திய அந்தக் குரல் எவ்வளவு தூரம் போயிற்று என்பது பிறகுதான் தெரிந்தது. வைகாசியில், லைப்ரரி புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று எட்டு வருஷத்துக்கு முன்னால் போன தறிக்காரர் மகன் வந்தான். ஆனியில், இரண்டு நாள் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன் என்று போன மருமகள் நாலு வருஷம் கழித்துப் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரு நீளமான பதில் மனப்பாடமாக இருந்தது. ஊர் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஏன் இவ்வளவு நேரம் என்று யாரையும் கேட்கக் கூடாது என்று பஞ்சாயத்திலேயே பேசி முடித்தார்கள், ஒரு திட்டு திட்டிச் சிரித்துவிட்டு இலை போட்டார்கள்.

ஆவணியில் துளசிமணிக்கும் நாச்சிமுத்துவுக்கும் கோயிலில் கல்யாணம், களத்தில் பந்தல் போட்டுச் சாப்பாடு. மணப்பெண் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று பாப்பாத்தியக்கா எவ்வளவோ சொன்னாள், மேஸ்திரி கேட்டால்தானே. பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளே இலை போட்டாள். மாப்பிள்ளை சாம்பார் வாளியோடு பின்னால் வந்தார்.

இரண்டாம் பந்தி உட்காரும்போது பந்தல் வாசலில் ஒருத்தர் வந்து நின்றார். தலை நரைத்து, கன்னம் ஒட்டி, சட்டை தோளில் தொங்கியது. ரங்கராசு. பந்தி அப்படியே நின்றுவிட்டது, அப்பளம் நொறுக்கிய கைகூட நின்றது. நாச்சிமுத்து வாளியைக் கீழே வைக்கவுமில்லை, நகரவுமில்லை.

“துளசி, அன்னிக்கு என்னாச்சுன்னா...” என்று ரங்கராசு ஆரம்பித்தார்.

துளசிமணி அவரை மேலும் கீழும் பார்த்தாள். பத்தொன்பது வருஷமாகச் சேர்த்துவைத்த கோபத்தை உள்ளே துழாவினாள், அகப்படவில்லை. அவ்வளவையும் அன்றைக்கே டாக்கீஸில் கத்தித் தீர்த்துவிட்டாள்போல. பாவம், இளைத்துப்போய்விட்டார் என்றுதான் தோன்றியது. கூடவே அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது, அடக்கப் பார்த்தும் அடங்காமல் வெளியே வந்து, பந்தி முழுக்கத் தொற்றிக்கொண்டது. ரங்கராசுவுக்கும் வாய் கோணிற்று, அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

வரிசைக் கடைசியில் ஓர் இலையை விரித்துத் தண்ணீர் தெளித்தாள். “உக்காருங்க. சாப்பிட்டுட்டுப் போங்க” என்றாள்.

அவர் உட்கார்ந்தார். இலையைத் துடைத்துக்கொண்டே நிமிராமல், “நீ சாப்பிட்டியா?” என்று கேட்டார்.

“இன்னும் இல்லைங்க. நானும் இவரும் கடைசிப் பந்தி” என்ற துளசிமணி திரும்பி நாச்சிமுத்துவைப் பார்த்தாள். “பாத்துட்டே நின்னா எப்படிங்க? சாம்பார் ஊத்துங்க.”

நாச்சிமுத்து ஊற்றினார்.